கொரிய எழுத்தும் 11,172 பெட்டிகளும்

மேக் கணினியில் கொரிய மொழியில் பெயரிட்ட கோப்பை ஜிப் செய்து விண்டோஸ்காரருக்கு அனுப்பினால், அங்கே பிரிக்கும்போது பெயர் உதிர்ந்து கிடப்பதுண்டு. 'ஹன்' என்று ஒரே சதுரத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்த எழுத்து, ஹ், அ, ன் என்று மூன்று துண்டாகி வரிசையில் நிற்கும். கோப்புக்குள் இருப்பது பத்திரம், பெயர் மட்டும் பொடிப்பொடி. எல்லோரும் முதலில் ஃபாண்டைத்தான் திட்டுவார்கள். ஃபாண்ட் பாவம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் தரமான யூனிகோடில் கொரிய எழுத்தைச் சேமிக்க இரண்டு வழிகள் உண்டு: பெட்டியாக, அல்லது பெட்டிக்குள் இருக்கும் எழுத்துகளாக. இரண்டுமே விதிப்படி சரி, இரண்டுமே புழக்கத்தில் இருப்பவை. இரண்டும் சந்திக்கும் தையலில்தான் துணி கிழிகிறது.

(எண்களை எல்லாம் பதின்ம முறையிலேயே தருகிறேன். கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் கூடவே போட்டுப் பார்க்கலாம்.)

ஹங்குல் எனப்படும் இந்தக் கொரிய எழுத்தை அரசர் செஜோங் 1443இல் அமைத்து 1446இல் வெளியிட்டார். இன்று அடிப்படை எழுத்துகள் 24: மெய் 14, உயிர் 10. இவை தனித்தனியாக வரிசையில் வருவதில்லை. ஒவ்வோர் அசையும் ஒரு சதுரப் பெட்டிக்குள் அடுக்கப்படும். நம் உயிர்மெய்யை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. 'கண்' என்பது நமக்கு இரண்டு எழுத்து. கொரியத்தில் அந்தக் கடைசி மெய்யும் அதே பெட்டிக்குள் காலடியில் போய் உட்கார்ந்துவிடும்.

முதல் மெய்யாக வரக்கூடியவை, இரட்டை மெய்களையும் சேர்த்து, 19. நடுவில் வரும் உயிர், கூட்டுயிர்களோடு 21. கடை மெய் 27. கடை மெய்யே இல்லாத நிலையையும் ஒன்றாக எண்ணினால் 28. பெருக்கினால் 11,172. இவை அனைத்துக்கும் யூனிகோடில் தனித்தனி எண் இருக்கிறது. 44032இல் 'க' தொடங்கி 55203 வரை இடைவெளியே இல்லாத ஒரே தொடர்ச்சி. நிஜக் கொரியத்தில் ஒருநாளும் வராத அசைகளும் உண்டு. சாத்தியம் என்றால் இடம் உண்டு, அவ்வளவுதான் விதி.

இந்த வரிசையின் அழகே அது அட்டவணை இல்லாமல் நடப்பது. முதல் மெய்யின் வரிசை எண்ணை 21ஆல் பெருக்கி, உயிரின் எண்ணைக் கூட்டி, அதை 28ஆல் பெருக்கி, கடை மெய்யின் எண்ணைக் கூட்டி, 44032ஐச் சேர்க்க வேண்டும். எண்ணிக்கை எல்லாம் பூஜ்யத்திலிருந்து. 'ஹன்' எடுத்துக்கொள்வோம்: ஹ் 18, அ 0, கடை ன் 4. 18 × 21 = 378; 378 × 28 = 10584; 4ஐக் கூட்டினால் 10588; 44032ஓடு சேர்த்தால் 54620. அந்த எழுத்தின் எண் அதுவேதான். திரும்பி வரவும் வகுத்தல் போதும். 44032ஐக் கழித்து 588ஆல் வகுத்தால் ஈவு முதல் மெய். மீதியை 28ஆல் வகுத்தால் ஈவு உயிர், மீதி கடை மெய்.

கொரிய மென்பொருளில் இந்தக் கணக்கு இல்லாத இடம் குறைவு. வேற்றுமை உருபுகளைப் பாருங்கள். இடத்தை நோக்கிப் போவதைச் சொல்லும் உருபு, சொல் மெய்யில் முடிந்தால் 'உரோ', உயிரில் முடிந்தால் 'ரோ'. சொல்லின் கடைசி அசையிலிருந்து 44032ஐக் கழித்து 28ஆல் வகுத்தால் மீதி பூஜ்யமா இல்லையா என்பதே விடை. ஆனால் ஒரு விலக்கு உண்டு: கடை மெய் 'ல்' என்றால், அதாவது மீதி 8 என்றால், உயிரில் முடிந்ததுபோலவே 'ரோ'தான் வரும். எனவே ஜேஜு-ரோ, பூசான்-உரோ, சோல்-ரோ. இந்த மீதி 8ஐ மறந்த செயலி தலைநகரின் பெயரிலேயே மாட்டிக்கொள்ளும். கணக்குப் போடச் சோம்பல்பட்டு இரண்டு வடிவத்தையும் அடைப்புக்குறியோடு சேர்த்து அச்சடிக்கும் செயலிகளும் நிறைய. படிக்கிறவர் தமக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கைபேசியில் முதல் மெய்களை மட்டும் தட்டிப் பெயரைக் கண்டுபிடிக்கும் வசதியும் இதே 588தான். 'சோல்' என்பது கொரியத்தில் இரண்டு பெட்டி, எண்கள் 49436, 50872. கழித்து வகுத்தால் 9, 11 வரும். 9 என்றால் ஸ், 11 என்றால் ஒலியில்லாத வட்டம். இவ்வளவும் சரி. பிழை அடுத்த அடியில் வரும். பயனர் தட்டும் தனி எழுத்து 12593இல் தொடங்கும் வேறொரு தொகுதியைச் சேர்ந்தது. 12593ஓடு 9ஐக் கூட்டினால் ஸ் கிடைக்கும் என்று எழுதிவிடுவார்கள். கிடைப்பது 12602, அது 'ல்க்' என்ற கூட்டு மெய். ஸ்ஸின் எண் 12613. அந்தத் தொகுதியில் முதல் மெய்யும் கடையில் மட்டுமே வரும் கூட்டு மெய்யும் கலந்து கிடப்பதால் சூத்திரம் செல்லாது. 19 எண்கள் கொண்ட ஒரு சின்ன அட்டவணையைக் கையால் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டு பள்ளிகள்

ஏன் இப்படி எழுத்துகள் தனியாக, பெட்டிகள் தனியாக என்று வந்தது? 1980களில் கொரியாவில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று ஜொஹாப், அதாவது கூட்டிச் சேர்ப்பது. மற்றது வன்சோங், முடித்து வைத்தது.

ஜொஹாப்பில் ஓர் அசைக்கு 16 பிட். முதல் பிட் எப்போதும் 1, பிறகு ஐந்து ஐந்து பிட்டாக முதல், நடு, கடை. 'ஹன்' என்றால் 1, 10100, 00011, 00101. எழுத்தின் உடற்கூறே பிட்டில் தெரியும், 11,172 அசையும் வரும். ஃபாண்டும் அதே சிந்தனையில் செய்தார்கள். டாஸ் காலத்தில் பரவலாக இருந்த முறையில் முதல் மெய்க்கு 8 வடிவத் தொகுதிகள், உயிருக்கு 4, கடை மெய்க்கு 4. மொத்தம் 19 × 8 + 21 × 4 + 27 × 4, அதாவது 344 துண்டுப் படங்கள். 16க்கு 16 புள்ளியில் ஒரு படம் 32 பைட் என்றால் 11 கிலோபைட்டுக்குள் முழு எழுத்தும் அடங்கிவிடும். குறை எங்கே என்றால், மேலே உள்ள 16 பிட்டை இரண்டு பைட்டாக வெட்டினால் 208, 101. இரண்டாவது பைட் ஆங்கிலச் சின்ன 'இ'. பைட் பைட்டாகத் தேடும் எந்தப் பழைய நிரலும் கொரிய எழுத்தின் வயிற்றுக்குள் ஆங்கில எழுத்தைக் கண்டுபிடித்துவிடும்.

வன்சோங் இந்தச் சிக்கலைத் தவிர்த்தது, வேறு விலை கொடுத்து. 1987இன் கேஎஸ் சி 5601 தரம் 94க்கு 94 என்ற சர்வதேசக் கட்ட அமைப்பில் உட்கார்ந்தது. மொத்தம் 8836 கட்டங்கள். 11,172 அசை அதில் நுழையவே நுழையாது, சீன எழுத்துகளுக்கும் இடம் வேண்டும். எனவே புழக்கத்தில் அதிகம் உள்ள 2350 அசைகளை மட்டும் பொறுக்கி 25 வரிசைகளில் வைத்தார்கள். சீன எழுத்துகளுக்கு 52 வரிசை, 4888 எழுத்து. சொந்த எழுத்துக்குக் கொடுத்ததைவிட இரவல் எழுத்துக்கு இரண்டு மடங்கு இடம்! விடுபட்ட 8822 அசைகளில் வட்டார வழக்கில் வருவது, பிறமொழி ஒலிகளை எழுத வேண்டியிருப்பது எனப் பலவும் உண்டு. 'த்தொம்' என்ற அசை இதற்கு நிரந்தர உதாரணம். இன்றும் சோதனை வாக்கியங்களில் அதைச் சேர்க்காத கொரிய நிரலாளர் அரிது.

விடுபட்டவற்றுக்குத் தரமே ஒரு வழியும் வைத்திருந்தது. ஒரு நிரப்பெழுத்து, பிறகு முதல், நடு, கடை என நான்கு குறியீடுகள். ஓர் அசைக்கு 8 பைட். கிட்டத்தட்ட யாரும் செயல்படுத்தவில்லை. அந்த நிரப்பெழுத்து மட்டும் பிழைத்து யூனிகோடுக்கும் வந்து 12644இல் குடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கணினியின் பார்வையில் அது வெற்றிடம் அல்ல, எழுத்து. ஓரங்களிலுள்ள வெற்றிடத்தை நீக்கும் வழக்கமான கட்டளை அதைத் தொடாது. 'பெயர் காலியாக இருக்கக்கூடாது' என்ற சோதனையை அது புன்னகையோடு தாண்டிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் மாறியின் பெயராகவே அதை வைக்க முடியும், படிப்பவர் கண்ணில் எதுவும் படாமல். பதிவுப் படிவம் எழுதுகிறவர்கள் 4447, 4448, 12644, 65440 ஆகிய நான்கையும் தடுத்து வையுங்கள்.

விண்டோஸ் 95 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்த 8822 அசைகளையும் சேர்த்து 949 என்ற குறிப்பக்கத்தை, அதாவது எழுத்துக்கு எண் தரும் அட்டவணையை, உருவாக்கியது. 2350ஐ அசைக்காமல், காலியாக இருந்த பைட் இடுக்குகளில் மற்றவற்றைச் செருகியது. 'த்தொம்' அங்கே 140, 99. விளைவு இரண்டு. பைட் வரிசையில் அடுக்கினால் 'த்தொம்' 'க'வுக்கும் முன்னால் வந்து நிற்கும், ஏனென்றால் 'க' 176இல் தொடங்குகிறது. அடுத்து, 99 என்பது ஆங்கிலச் சின்ன 'சி'. பழைய தரத்தை மட்டும் அறிந்த நிரல் 140ஐப் புரியாமல் கேள்விக்குறியாக்கிவிட்டு, பின்னால் ஒரு 'சி'யை அச்சடிக்கும். அந்த 'சி'யைப் பார்த்தாலே நோய் என்ன என்று சொல்லிவிடலாம்.

வன்சோங் தரத்தின் பைட் வடிவத்துக்கு வைத்த 'இயூசி-கேஆர்' என்ற பெயர்ச்சீட்டை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். இணைய உலாவிகள் அந்தப் பெயரைக் கண்டால் 949ஐயே பயன்படுத்துகின்றன, அப்படித்தான் இணையத் தரமும் சொல்கிறது. பைத்தானில் அதே பெயரைக் கொடுத்து 'த்தொம்' எழுதினால், மேலே சொன்ன யாரும் செயல்படுத்தாத 8 பைட் முறையில் எழுதும். உலாவியில் அது சிதறும். பழைய கொரியக் கோப்பைப் படிக்கவும் எழுதவும் 'சிபி949' என்று கொடுப்பதே சரி. கொரிய விண்டோஸில் அடைவுகளைப் பிரிக்கும் பின்சாய்கோடு வொன் நாணயக்குறியாகத் தெரிவதும் இந்தத் தேசியத் தரங்களின் மிச்சம். அது பிழையல்ல, 92ஆம் இடத்தில் அவர்கள் பணத்தை வைத்தார்கள்.

வீடு மாறியது ஒரே ஒரு முறை

யூனிகோடின் முதல் பதிப்பில் (1991) கொரியத்துக்கு இருந்தது அந்த 2350 அசை மட்டும்தான். 1993இன் 1.1இல் இன்னும் 1930, பிறகு 2376 சேர்த்து 6656 ஆனது. மூன்று தனித்தனிப் பட்டியல்கள் 13312 முதல் 19967 வரை ஒட்டுப்போட்டதுபோல் கிடந்தன. சூத்திரம் எதுவும் சாத்தியமில்லை, 11,172 முழுதும் வரவுமில்லை. 1996 ஜூலையில் 2.0 வந்தபோது அத்தனையையும் பெயர்த்து எடுத்து, 44032இல் புது மனை கட்டிக் குடிவைத்தார்கள். ஏற்கெனவே பழைய எண்ணில் சேமித்த கோப்புகள் செல்லாமல் போயின. காலியான இடத்தில் பிறகு சீன எழுத்துகள் குடியேறின. அந்தக் காலத்துக் கோப்பை இன்று திறந்தால் கொரியத்துக்குப் பதில் அரிய சீன எழுத்துகள் தெரியும். யூனிகோட் எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையை வரையறுக்கும் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 3629 இதைக் 'கொரியக் குளறுபடி' என்ற அடைமொழியோடு எச்சரிக்கையாகவே பதிவு செய்திருக்கிறது. அதற்குப் பிறகு, ஒருமுறை கொடுத்த எண்ணை எக்காரணம் கொண்டும் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதிமொழி. என் கணக்கில் கொரியர்கள் கதவு சாத்துவதற்கு ஒரு நொடி முன்னால் உள்ளே நுழைந்தவர்கள்.

'கொரியனுக்கு 11,172 இடம், தமிழின் 247க்கு இடமில்லையா?' என்ற கேள்வி நம் இணைய விவாதங்களில் ஓயாமல் வரும். கோபம் புரிகிறது, ஒப்பீடு முழுமையாகப் பொருந்தவில்லை. யூனிகோட் புதிதாகத் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஏற்கெனவே இருந்த தேசியத் தரத்தை எடுத்துக்கொண்டது. கொரியத் தரம் பெட்டி பெட்டியாக இருந்தது. 1988இன் இந்தியத் தரமான இஸ்கி, தமிழை மெய்யும் உயிர்க்குறியுமாகத் துண்டுகளில் வைத்திருந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்ற டேஸ்16 முழு எழுத்துகளுக்கும் எண் தருகிறது, ஆனால் யூனிகோட் யாருக்கும் ஒதுக்காமல் விட்ட தனிப்பயன் பகுதியில். முழு இடமும் கிடைத்த கொரியத்துக்கும் தொல்லை தீரவில்லை என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் துண்டுகளும் கூடவே உள்ளே வந்துவிட்டன.

தையல் பிரியும் இடங்கள்

துண்டுகளுக்கு முதன்மைத் தொகுதி 4352இல் தொடங்குகிறது. முதல் மெய் 4352 முதல் 4370 வரை, உயிர் 4449 முதல் 4469 வரை, கடை மெய் 4520 முதல் 4546 வரை. முதலில் வரும் ன்னுக்கும் கடையில் வரும் ன்னுக்கும் வேறு வேறு எண். இவை அடுத்தடுத்து வந்தால் திரையில் தானாகவே ஒரு பெட்டியாகச் சேரும். 'ஹன்' 54620 என்றும் எழுதலாம், 4370, 4449, 4523 என்றும் எழுதலாம். நம் 'கொ'வும் அப்படித்தான்: 2965, 3018 என்றும் வரும், 2965, 3014, 3006 என்றும் வரும். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். சேர்த்த வடிவம் என்எஃப்சி, பிரித்த வடிவம் என்எஃப்டி. பைட் பைட்டாக ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள்.

மேக்கின் பழைய கோப்பு முறையான ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைக் கட்டாயமாகப் பிரித்தே சேமித்தது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும், ஆனால் மேலே ஓடும் நிரல்கள் பல இன்னும் பிரித்தே அனுப்புகின்றன. விண்டோஸும் லினக்ஸும் எதையும் மாற்றாது, வந்தது வந்தபடி. முதல் பத்தியின் கோப்பு இப்படித்தான் உதிர்ந்தது. தீர்வு, அனுப்பும் முனையிலோ வாங்கும் முனையிலோ பெயரை என்எஃப்சிக்கு மாற்றுவது. லினக்ஸில் கான்வ்எம்வி கருவி, பைத்தானில் நார்மலைஸ் என்ற ஒரே அழைப்பு, நிரல் பதிப்புகளைப் பேணும் கிட் கருவியில் பிரிகம்போஸ்யூனிகோட் அமைப்பு. பெயரின் நீளமும் அடிபடும். லினக்ஸில் கோப்புப்பெயருக்கு 255 பைட் வரம்பு. யூடிஎஃப்-8இல் ஒரு பெட்டி 3 பைட், ஆக 85 எழுத்து. கடை மெய்யோடு பிரித்தால் ஓர் அசைக்கு 9 பைட், 28 எழுத்தோடு முடிந்தது.

ஜிப்பில் இன்னொரு நோயும் உண்டு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெயர் யூடிஎஃப்-8இல் உள்ளது என்று சொல்லும் 11ஆம் கொடி பிட் இல்லாமல் வந்த கோப்பை வாங்கும் பக்கம் வேறு குறிமுறையாக எண்ணிப் படிக்கும். அப்போது வருவது துண்டெழுத்து அல்ல, குப்பை. 'ஹங்குல்' என்ற சொல்லின் 949 பைட்டுகளை மேலை ஐரோப்பியக் குறிமுறையில் படித்தால் அடியில் கொக்கி தொங்கும் 'சி', தலையில் அலை நெளியும் 'என்', கூட்டல்கழித்தல் குறி, கூரை போட்ட 'யு' என நான்கு உருவங்கள் வரும். துண்டெழுத்து என்றால் வடிவப் பிரச்சினை, கொக்கியும் கூரையும் என்றால் குறிமுறைப் பிரச்சினை. மருந்து வேறு வேறு.

'எல்லாவற்றையும் என்எஃப்கேசிக்கு மாற்றிவிட்டால் தொல்லை விட்டது' என்று சிலர் சொல்வார்கள். என்எஃப்சி போலவே சேர்ப்பதோடு, ஒத்த உருவங்களையும் ஒன்றாக்கிவிடும் வடிவம் அது. கொரியத்தில் இது வம்பு. 12593இல் தொடங்கும் தனி எழுத்துகள் என்எஃப்சியில் மாறாது, சேராது. அதனால்தான் சிரிப்பைக் காட்ட 'க்க்க்' என்று மெய்யை மட்டும் வரிசையாக அடிக்க முடிகிறது. என்எஃப்கேசி அவற்றைச் சேரும் துண்டுகளாக்கிவிடும், தனி மெய்யை எல்லாம் முதல் மெய்யாகவே. எனவே தனித்தனியாக அடித்த ஹ், அ, ன் மூன்றும் 'ஹன்' ஆகாது. 'ஹ' என்ற பெட்டியும், அதையொட்டி அடுத்த அசைக்காகக் காத்திருக்கும் ஒரு முதல் ன்னும் வரும். தேடலுக்கான நகலில் மட்டும் செய்யுங்கள், பயனர் எழுதிய மூலத்தைத் தொடாதீர்கள்.

சேர்க்கும் நிரலைச் சொந்தமாக எழுதுகிறவர்களுக்கு ஒரு குழி. கடை மெய்க் கணக்கின் அடிப்படை எண் 4519. கடை மெய் இல்லை என்றால் பூஜ்யம் என்பதற்காக, முதல் கடை மெய்க்கு ஒன்று முன்னால் அடிப்படையை வைத்தார்கள். ஆனால் 4519 வெற்றிடம் அல்ல, 2009இன் யூனிகோட் 5.2இலிருந்து அங்கே ஒரு பழைய கூட்டுயிர் குடியிருக்கிறது. சோதனையில் 'பூஜ்யம் அல்லது அதற்கு மேல்' என்று எழுதினால் அந்த உயிர் சத்தமில்லாமல் விழுங்கப்படும். 'பூஜ்யத்துக்கு மேல்' என்றே இருக்க வேண்டும்.

தட்டச்சிலும் இதே இழுபறிதான். வழக்கமான இரு தொகுதி விசைப்பலகையில் மெய் இடக்கையில், உயிர் வலக்கையில். முதல் மெய்க்கும் கடை மெய்க்கும் ஒரே விசை. க், அ, ன் என்று அடித்தால் 'கன்' என்று ஒரு பெட்டி வரும். அடுத்து அ அடித்தால், அந்த ன் கீழிருந்து பறந்துபோய் அடுத்த பெட்டியின் தலையில் உட்கார்ந்து 'க', 'ன' என்று இரண்டாகும். இதற்குக் கொரியர் வைத்த பெயர் தொக்கேபிபுல். சதுப்பு நிலத்தில் அலையும் பேய் நெருப்பு, நம் ஊர்க் கொள்ளிவாய்ப் பிசாசு. அடுத்த விசை வரும்வரை எழுத்து முடியவில்லை என்பதால், கடைசிப் பெட்டி எப்போதும் பாதி வெந்த நிலையில் இருக்கும். அரட்டைப் பெட்டியில் என்டர் தட்டினால் செய்தி போனபிறகு கடைசி அசை மட்டும் மறுபடி தனியாகப் போவதைப் பார்த்திருந்தால், அது அந்த வேகாத பெட்டிதான். என்டரைக் கையாளும் முன் எழுத்துச் சேர்க்கை நடக்கிறதா என்று உலாவியின் இஸ்கம்போசிங் குறியைப் பார்த்தால் சரியாகும். முதல் மெய்க்கும் கடை மெய்க்கும் தனித்தனி விசை வைத்த கோங் பியோங்-ஊவின் மூன்று தொகுதி முறையில் இந்தப் பேயே கிடையாது. ஆனால் 1982இல் தரமானது இரு தொகுதிதான்.

பழங்கொரியம் என்று வந்துவிட்டால் 11,172 போதாது, துண்டுகள்தான் ஒரே வழி. 5.2இல் 117 துண்டுகள் கூடின. இப்போது சாத்தியமான சேர்க்கைகள் 16 லட்சத்தைத் தாண்டும், அவற்றுக்கெல்லாம் பெட்டி கொடுக்க யாருக்கும் தெம்பில்லை. பழைய நூல்களைப் பதிப்பிக்கிறவர்களின் கவலை மட்டும்தானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1989இல் வந்து இன்றும் கொரிய அலுவலகங்களில் ஓடும் சொற்செயலியின் பெயர் 'ஹங்குல்'. அதன் சின்னத்தில் முதல் அசையின் உயிர் இன்றைய 'அ' அல்ல, வழக்கொழிந்த புள்ளி உயிர். அந்த அசைக்குப் பெட்டி கிடையாது. எழுத வேண்டுமென்றால் 4370, 4510, 4523, அதன்பின் 44544. திரையில் இரண்டு எழுத்து, நீளம் கேட்டால் நான்கு. என்எஃப்சிக்கு மாற்றினாலும் நான்கே. முதல், நடு, கடைத் துண்டுகளை அடுக்கும் ஓப்பன்டைப் விதிகள் இல்லாத ஃபாண்டில் அந்த முதல் அசை உதிர்ந்துதான் தெரியும்.